மூன்றும் ஒரே மாதிரி

தங்கச்சி, அந்த ஜன்னலோர இடத்தை எனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடு. வாந்தி எடுக்கிற ஆள் இல்லை நான், பயப்படாதே. தஞ்சாவூருக்கு முன்னால் வெண்ணாற்றுப் பாலம் வரும் இல்லையா, அங்கே ஒன்றை ஆற்றில் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு இடத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அஸ்தி இல்லை, அப்படிப் பார்க்காதே. அரிசிதான். என் நாத்தனார் எனக்குப் பிச்சை போட்ட அரிசி.

ஆமாம், பிச்சைதான். என்னைப் பார்த்தால் பிச்சை வாங்குகிறவள் மாதிரியா இருக்கிறது? புதுக்கோட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. மகன் திருமாறன் அமெரிக்காவில் இருக்கிறான். பெண் மதிவதனிக்கு வைகாசியில் கல்யாணம். நான் எட்டாவதோடு நின்றவள், அது வேறு. ஆனால் யாருக்கு எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பது தெரியாதவள் இல்லை. அதில் என்னை ஒருவர் குறை சொல்ல முடியாது. சொன்னால்தானே எனக்கு வயிறு எரிகிறது.

காலை நகர்த்திக்கொள். அந்தப் பையில் இதே மாதிரி கிண்ணம் இன்னும் இரண்டு இருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தாலி கட்டும்போது தூவுகிற அட்சதையில் முதல் பிடி, பெண்ணின் பெரிய அத்தை வீட்டு அரிசியாக இருக்க வேண்டும். அவர் தன் கையால் மஞ்சள் பிசறிக் கொடுத்துவிட்டால்தான் மற்ற அரிசியில் நாங்கள் மஞ்சளே கலப்போம். அவர் கொடுக்கவில்லை என்றால் மண்டபத்தில் அத்தனை பேரும் அதைத்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும். இவர், அதுதான் என் வீட்டுக்காரர், கூடப் பிறந்த அக்கா இல்லாமல் பெண்ணைத் தாரை வார்க்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறார். அந்தப் பெரிய அத்தைதான், என் பெரிய நாத்தனார் சௌந்தரவல்லி அண்ணிதான், மூன்று வருடமாக என்னோடு பேசுவதில்லை.

எதற்கு என்று கேட்டால் சிரிப்பாய். ஒரு கைப்பைக்கு.

முதல் தடவை அமெரிக்கா போய் வந்தபோது மூன்று நாத்தனார்களுக்கும் மூன்று கைப்பை வாங்கி வந்தேன். கடையில் கறுப்பு இரண்டுதான் இருந்தது. மூன்றாவது பழுப்பு. அந்தப் பழுப்பு பெரிய அண்ணிக்குப் போயிற்று. அதில் என்ன குறை? பை என்றால் பை. ஜிப் கொஞ்சம் சிக்கும், அவ்வளவுதான். பெரியவருக்கு வயதாகிவிட்டது, வெளியே எங்கே போகப்போகிறார், அவருக்கு இது போதும் என்று மனசுக்குள் நினைத்தேனே தவிர வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் கண்டுபிடிக்கிற ஆள் அவர். "கழிச்சுப் போட்டதக் கொண்டாந்து குடுக்குற" என்று பையைத் திருப்பி என் மடியில் போட்டவர்தான். அதோடு சரி. எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை.

அந்தப் பையை நான்தான் வைத்திருக்கிறேன். நல்ல பை.

அதனால் இந்தத் தடவை ஒரு முடிவோடு போனேன். மகனும் மருமகளும் விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகிறோம், நீயும் வா என்றார்கள். பெயர் என் வாயில் நுழையாது, செயின்ட் என்று ஆரம்பிக்கும். கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ் வருமே, அந்தப் பக்கம். இவரிடம் போனில் சொன்னதும் மனப்பாடம் செய்தது மாதிரி பத்து ஆட்டக்காரர் பெயரைச் சொன்னார். எனக்கு ஆட்டக்காரர் எதற்கு? நான் மாறனிடம் சொன்னேன், எனக்குக் கடலும் வேண்டாம், மணலும் வேண்டாம், கடைத்தெருவைக் காட்டு, மூன்று நாத்தனாருக்கும் மூன்று சாமான் வாங்க வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னேன். நம்ம ஊரில் கிடைக்கிற ஜாடையே அதில் இருக்கக் கூடாது. "இது நம்ம கும்பேஸ்வரன் கோயில் கடையிலேயே கிடைக்குமே" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் என் கதி என்ன?

மருமகள் சுகிர்தா மெட்ராஸ் பெண். அமைதியானவள்தான், ஆனால் ஒன்றிலும் பிடிப்பு கிடையாது. "அத்தை, பெரியத்தைக்கு ஒரு போன் பண்ணிப் பேசிடுங்களேன். பொருளெல்லாம் எதுக்கு" என்றாள். பேச வேண்டுமாம். தப்பு செய்தவர்கள் பேசட்டும். நான் என்ன தப்பு செய்தேன்?

கடைத்தெரு என்றால் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பெரிய தகரக் கொட்டகை. கப்பலில் வருகிறவர்களுக்காக வரிசையாகக் கடை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சாமானையும் தூக்கி அடியில் திருப்பிப் பார்த்தேன். காந்தம் வைத்த பொம்மை, சாவி மாட்டுகிற கிளிஞ்சல், மணி கோத்த வளையல், எல்லாவற்றுக்கும் அடியில் சைனா என்று போட்டிருக்கிறது, சுகிர்தாதான் படித்துச் சொன்னாள். சைனா சாமான் வாங்க நான் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? புதுக்கோட்டை கீழராஜவீதிக்குப் போனால் போதாதா?

ஒரு கடையில் கேக். அதில் சாராயம் ஊற்றியிருக்கிறதாம். ஒரு கடையில் ஜாதிக்காயும் பட்டையும் மஞ்சள்தூளும் பொட்டலம் போட்டு வைத்திருந்தார்கள், என்னிடமே மஞ்சள்தூள் விற்க வந்தார்கள். ஒருவன் தென்னங்கீற்றை என் கண்ணெதிரே மடித்து மடித்துத் தொப்பி பின்னினான். இவருக்கு அதில் ஒன்று வாங்கினேன். விமானம் சென்னை வருவதற்குள் அது காய்ந்து சுருண்டு காக்காய்க் கூடு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் துணி. அதைக் கேள். அந்த ஊர்ப் பெண்களுக்கு விசேஷ நாளில் கட்டுகிற துணி ஒன்று இருக்கிறது. பாவாடையும் அதிலேதான், தலைக்கட்டும் அதிலேதான். சுகிர்தா மூன்று துண்டை எடுத்து என் தோளில் போட்டு, "அத்தை, இது மூணும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. இந்தத் துணிக்குப் பேரே மெட்ராஸ்தானாம். ஒரு காலத்துல நம்ம ஊர்லேர்ந்துதான் கப்பல்ல வந்துதாம்" என்று குதூகலமாகச் சொன்னாள். நான் விரித்துப் பார்த்தேன். சிவப்புக் கட்டமும் மஞ்சள் கட்டமும். லுங்கித் துணி. லுங்கித் துணியைக் கொண்டுபோய்ப் பெரிய அண்ணி கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மடித்து வைடி என்றேன். அவள் முகம் தொங்கிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் முகம் தொங்கிவிடுகிறது.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் தம்பி, புதுக்கோட்டைக்கு. இந்தா பார். ஒருவருக்கு ஒரு தடவை காட்டினால் போதாதா?

எங்கே விட்டேன். கடைசிக் கடை. அங்கே ஜோசஃபின் என்று ஒரு அம்மாள். நல்ல உடம்பு. எல்லாரையும் டார்லிங், டார்லிங் என்றுதான் கூப்பிடுகிறாள், என்னையும். அவள் எதிரே சாக்கு விரித்து வரிசையாகக் கிண்ணம். மண் இல்லை, மரம் இல்லை, ஏதோ ஒரு காயின் ஓடு. காயைப் பாதியாக அறுத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டிவிட்டு, வெயிலில் காயவைத்துத் தேய்த்திருக்கிறாள். மேலே தேன்சிட்டு, செம்பருத்தி, மீன், ஆமை என்று செதுக்கிப் பச்சையும் சிவப்பும் பூசி வைத்திருந்தாள். அடியில் திருப்பினேன். சைனா இல்லை. அவள் பெயரைத்தான் கத்தியால் கீறியிருந்தாள். எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. இந்த மாதிரி நம்ம பக்கம் யார் பார்த்திருப்பார்கள்?

ஆனால் பார், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்றில் சிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறது, ஒன்றில் அந்தப் பக்கம். ஒன்று குண்டு, ஒன்று நீளம். ஒரே மாதிரி மூன்று வேண்டும் என்று விரலைக் காட்டினேன். அவள் சிட்டு ஒன்று, பூ ஒன்று, மீன் ஒன்று எடுத்து வைத்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மூன்று சிட்டு வைத்தாள். ஒரு சிட்டுக்கு வால் நீளம். வால் நீளமானது யாருக்கு என்று அங்கே சண்டை வருமே, அதை அவளுக்கு யார் சொல்வது? சுகிர்தாதான் மாற்றி மாற்றிப் பேசினாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, காய்க்கிறதே ஒரு மாதிரி காய்க்கவில்லை, நான் எப்படி ஒரு மாதிரி செய்வேன், உங்கள் அத்தையின் நாத்தனார்கள் மூன்று பேரும் ஒரே மூஞ்சியா என்று கேட்டாளாம். கொழுப்பு.

நான் விட்டேனா? யோசித்தேன். சித்திரம் இருந்தால்தானே வித்தியாசம்? சிட்டும் வேண்டாம், பூவும் வேண்டாம், எல்லாவற்றையும் தேய்த்து எடு. ஒரே அளவில் நீளமாக மூன்று ஓட்டைப் பொறுக்கு. மூன்றுக்கும் ஒரே கறுப்பு பூசு. பளபளவென்று பாலிஷ் போடு. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். எப்படி என் யோசனை?

சுகிர்தா அதைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு போய்விட்டது. செதுக்கினதையா தேய்க்கச் சொல்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். காசு கொடுக்கிறவள் நான்தானே. அதாவது, சுகிர்தாதான் கொடுத்தாள். ஒன்றுதான்.

மறுநாள் மாலை மறுபடி போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு மாறனுக்கும் சுகிர்தாவுக்கும் கல்யாண நாளாம். படகில் போய்க் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க முன்னாலேயே டிக்கெட் வாங்கியிருந்தார்களாம். சூரியன் எந்த ஊரில் இறங்கவில்லை? புதுக்கோட்டையில் தினமும் இறங்குகிறது. கடையை அடைத்துவிடுவாள், முதலில் கிண்ணத்தை வாங்குவோம் என்று சொல்லிவிட்டேன். மாறன் வண்டியைத் திருப்பினான். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான். சுகிர்தா பின்சீட்டில் கண்ணாடியைப் பார்த்தபடி வந்தாள். பாவம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல.

கிண்ணம் தயாராக இருந்தது. மூன்றும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன், அச்சு. சுகிர்தா ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது எதையோ மாதிரி இருக்கு. எங்கயோ பாத்திருக்கேன். வேற ஏதாவது எடுக்கலாமே" என்றாள். எதை மாதிரி என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். தெரியாவிட்டால் சும்மா இரு என்றேன். அவள் தனக்கென்று அந்த வால் நீளமான சிட்டை வாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வந்து இவரிடம் காட்டினேன். மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். "அக்காவுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "நீயே கொண்டு போய்க் குடு. எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்றார். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு என்ன வேலை? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அய்யம்பேட்டை தாண்டியாயிற்றா? பாலம் வந்தால் சொல்லு.

இன்று காலை கும்பகோணத்தில் இறங்கினேன். இந்தச் சித்திரை வெயிலில் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததில் தலை கலைந்து, முந்தானை கசங்கி, நடக்கக்கூட முடியவில்லை. அண்ணி வீடு மடத்துத் தெருவில். பத்திரிகை வைக்கத் தாம்பாளம் வேண்டும் இல்லையா? பித்தளைத் தாம்பாளம் கனம் என்று நான் எடுத்துவரவில்லை. கிண்ணம்தான் இருக்கிறதே. பரிசுக்குப் பரிசும் ஆயிற்று, தட்டுக்குத் தட்டும் ஆயிற்று. அந்தக் கறுப்புக் கிண்ணத்தில் பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா" என்று கூப்பிட்டேன். அண்ணி என்று கூப்பிட வாய் வரவில்லை. மூன்று வருடம் ஆயிற்றே.

உள்ளே ஊஞ்சலில் அவர் வீட்டுக்காரர். கண்ணில் புரை, சரியாகத் தெரியாது. "யாரோ வாசல்ல நிக்குது பாரு, சில்லறை இருந்தா குடுத்து அனுப்பு" என்றார்.

சிரிக்காதே தங்கச்சி. நீயும் சிரித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பெரிய அண்ணி வந்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கிண்ணத்திலிருந்த பத்திரிகையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்றிலை பாக்கையும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வதை எல்லாம் சரியாக எடுத்துக்கொண்டார், கிண்ணத்தை மட்டும் என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஏந்தியது ஏந்தியபடி நிற்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். உள்ளே டப்பா திறக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். எவ்வளவு நேரம் நின்றேனோ. கால் கடுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கொட்டியது. காய்ந்த ஓட்டில் அரிசி விழுகிற சத்தம் இருக்கிறதே, மழை தகரத்தில் இறங்குகிற மாதிரி. நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது தன் கைக்குட்டையைக் கிண்ணத்தின் மேல் போட்டு நாலு பக்கமும் இழுத்து அடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "வீட்டுல போய்ப் பிரி, செண்பகம். வழியில பிரிக்காத" என்றார். மூன்று வருடம் கழித்து என்னிடம் பேசிய பேச்சு அதுதான். உதடு துடித்தது. கோபம்தான், வேறென்ன?

எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. பின்னாலேயே சின்ன நாத்தனார் அம்சவேணி வந்தாள், அவளும் அதே தெருதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்து அவளுக்கான கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவள் ஒரு எட்டு பின்னால் போய், "எனக்கு வேணாம் அண்ணி. சாமியாராப் போக எனக்கு இன்னும் வயசாகல" என்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. திருவோடு. அந்தத் தெருக்கோடி மடத்தில் அதே மரம் இருக்கிறதாம், பெரிய பெரிய காயாகத் தொங்குமாம், அறுத்துக் கறுப்பாக்கிச் சாமியார்களுக்குக் கொடுப்பார்களாம். நான் வாங்கும்போது சிட்டும் பூவுமாக இருந்ததே! அந்த அம்மாள் பூசிய கறுப்பு அப்படி ஆக்கிவிட்டது. ஏழு கடல் தாண்டிப் போய் நான் மூன்று திருவோடு வாங்கி வந்திருக்கிறேன், அதில் ஒன்றை ஏந்திக்கொண்டு நாத்தனார் வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

உள்ளே அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஊஞ்சல் சங்கிலி குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு. "காப்பி வைக்கிறேன், அவள உள்ள வரச் சொல்லு" என்று குரல் வேறு. பிச்சை போட்டுவிட்டுக் காப்பியா? நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஒரு சொல் சொன்னாரா? கிடையாது. அட்சதை அரிசி வர வேண்டிய வீட்டிலிருந்து பிச்சை அரிசி வந்திருக்கிறது. இவரிடம் போய் என்ன சொல்வேன்? மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வேன்? அதனால்தான் ஆற்றில் கொட்டப் போகிறேன். வீட்டுக்குள் கொண்டு போகமாட்டேன்.

என்ன கறை? எங்கே? அட, ஆமாம், மடியெல்லாம். அந்த ஜோசஃபின் பூசிய சாயம் வேர்வையில் போகிறது, பார். நல்ல சாயமாகப் பூசவில்லை. சேலை பாழ்.

கறுப்புச் சாயம் எப்படி மஞ்சளாகப் போகும் என்று கேட்கிறாயா? எனக்கு என்ன தெரியும், வெளிநாட்டுச் சாயம்.

பாலம் வந்துவிட்டதா? இரு, இரு, முடிச்சு வரவில்லை. எப்படிப் போட்டிருக்கிறார் பார். நீ அந்த நுனியைப் பிடி. பல்லால் இழுக்கிறேன்.

தங்கச்சி.

இங்கே பார். இது வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்?

மோந்து பார். பச்சை மஞ்சள். இப்போது இழைத்தது, ஈரம்கூடப் போகவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதே, அம்மியில் இழைத்திருக்கிறார். நுனி முறியாத அரிசியாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். குங்குமம் ஒரு சிட்டிகை, ஓரமாக.

இல்லை, கொட்டவில்லை. ஜன்னலைச் சாத்து, காற்றில் பறந்துவிடும். ஒரு மணிகூடச் சிந்தக் கூடாது. உன் மடியில் விழுந்ததை எடுத்துப் போடு. அந்தா, உன் செருப்புக்குப் பக்கத்தில் இரண்டு.

பாலம் போனால் போகட்டும்.

எனக்கு அழுகை இல்லை, தூசி. அப்படியென்றால் அண்ணி வருவார். கட்டாயம் வருவார். வந்தால் எங்கே படுக்க வைப்பது? மாடி அறையில் மின்விசிறி சத்தம் போடும், அவருக்கு ஆகாது. இவரை விட்டு நாளைக்கே சரி பண்ணச் சொல்ல வேண்டும். சேலை வேறு இருக்கிறது. மூன்று பேருக்கும் பட்டு எடுக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே கரை, ஒரே விலை. தஞ்சாவூரில் ஒரே மாதிரி மூன்று கிடைக்குமா? நீ தஞ்சாவூர்தானே, உனக்குக் கடை தெரியுமா?

நீ சொல், ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் போய்ப் பிரி என்றார். வழியில் பிரிக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் பிரித்துவிட்டேனே. கல்யாணத்தில் அவர் முடிச்சைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், சொல்லாததையே கண்டுபிடிக்கிற ஆள். அந்த நுனியைப் பிடி, அவர் போட்ட மாதிரியே போட வேண்டும். இறுக்கு. இன்னும் இறுக்கு. முடிச்சு அதே மாதிரி இருக்கிறதா, பார்த்துச் சொல்.